லடாக்கில் ஒரு நீர்க்கட்டி

‘உழவர் குழுவாகச் சேர்ந்து வடக்கே ஒரு சுற்றுலா போகலாம் என்றிருக்கிறோம். காசி, டெல்லி, ஆக்ரா தவிர விவசாயி பார்க்க அங்கே என்ன இருக்கிறது?’ என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். என் பதில் இதுதான்: உடம்பு தாங்கும் என்றால் லடாக் போய் வாருங்கள். பனிமலை பார்க்க மட்டும் அல்ல. ஒரு கிராமம் தண்ணீரைப் பங்கு போட்டுக்கொள்வது எப்படி என்று பார்க்கவும்தான்.

முதலில் ஒரு கணக்கு. லடாக்கின் லே நகரில் மழையும் பனியும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 100 மில்லிமீட்டர்தான். புதுச்சேரியில் 1,200 மில்லிமீட்டருக்கு மேல். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, நமக்கு ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. லே நகரம் நான்கு ஆண்டுகளில் காணும் மொத்தத் தண்ணீர் அது. அதில் எவ்வளவு நம் ஏரிகளில் நின்றது, எவ்வளவு கடலுக்குப் போனது என்பது எல்லோருக்கும் தெரியும். அடுத்த கோடையில் மறுபடியும் போர் போட ஆள் தேடினோம். 100 மில்லிமீட்டர்க்காரர்களோ தலைமுறை தலைமுறையாக அங்கே பயிர் வைத்துச் சாப்பிடுகிறார்கள். எப்படி?

புறப்பாடு

நான் குடியிருப்பது கோரிமேட்டில். திண்டிவனம் சாலையில், தமிழக எல்லையை ஒட்டிய செம்மண் மேடு. பாகூர், வில்லியனூர், திருக்கனூர்ப் பக்கத்து உழவர்கள் 20 பேர், சீட்டு கட்டுவதுபோல மாதாமாதம் பணம் சேர்த்து இந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். ஏழு பேர் பெண்கள். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போனேன். சொர்ணவாரி அறுவடை முடிந்து, சம்பா நாற்றங்கால் விடுவதற்கு முன் கிடைக்கும் ஜூலைக் கடைசிதான் எங்களுக்குத் தோதான நேரம். லடாக்கிலும் அப்போதுதான் வயல் பச்சையாக இருக்கும்.

லே நகரம் சுமார் 11,500 அடி உயரத்தில் இருக்கிறது. காற்றில் பிராணவாயு குறைவு. அதனால் எல்லோரும் முன்கூட்டியே மருத்துவரிடம் காட்டிக்கொள்ள வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டோம். மருத்துவர் வேண்டாம் என்று சொன்ன இரண்டு பேர் நின்றுகொண்டார்கள். வருத்தம்தான், ஆனால் அதுதான் சரி. மீதிப் பேர் கோரிமேட்டில் கூடி, வேனில் சென்னை விமான நிலையம் போய், டெல்லி வழியாக லே சேர்ந்தோம்.

முதல் இரண்டு நாள் எங்கும் போகவில்லை. ‘இவ்வளவு செலவு பண்ணி வந்து படுத்துக் கிடக்கிறதா?’ என்று சிலர் முனகினார்கள். மாடிப்படி நான்கு ஏறியதும் மூச்சு வாங்கியபோது முனகல் நின்றது.

பச்சை எங்கே முடிகிறது?

தங்கியிருந்த வீட்டின் மொட்டை மாடியில் இருந்தே ஊர் முழுவதும் தெரிந்தது. சுற்றிலும் புல் பூண்டு இல்லாத மலை; காவி, சாம்பல், ஊதா என்று நேரத்துக்கு ஒரு நிறம் காட்டும். அதற்கும் மேலே பனி. கீழே சிந்து நதி. நடுவில் கத்தரித்து ஒட்டியதுபோல் பச்சை வயல்கள். வரப்பு ஓரங்களில் பாப்லர், வில்லோ மரங்கள். பச்சைக்கும் பாலைக்கும் நடுவே எல்லை கோடு போட்டதுபோல இருந்தது. அந்தக் கோடு எது என்று மூன்றாம் நாள் கிட்டே போய்ப் பார்த்தோம். ஒரு முழ அகல வாய்க்கால்! வாய்க்காலுக்குக் கீழே பார்லி. மேலே வெறும் கல். அவ்வளவுதான் வித்தியாசம்.

மலை உச்சியில் பனி உருகி ஓடையாக வருகிறது. ஓடையில் கல்லடுக்கித் திருப்பி வாய்க்காலில் விடுகிறார்கள். வாய்க்காலுக்கு ‘யூரா’ என்று பெயர். வயலுக்கு மேலே ஒரு சிறு குளம், அதற்கு ‘ஸிங்’. இரவில் ஓடிவரும் தண்ணீரை வீணாக்காமல் ஸிங்கில் நிரப்பி, பகலில் திறந்து பாய்ச்சுகிறார்கள். பார்லி, கோதுமை, பட்டாணி, மாட்டுக்குக் குதிரை மசால். லே பகுதியில் ஆண்டுக்கு ஒரே போகம். ஏப்ரல், மே மாதங்களில் விதைத்து ஆகஸ்ட், செப்டம்பரில் அறுப்பார்கள். அந்த ஒரு போகம் தவறினால் அந்த ஆண்டு விளைச்சல் அவ்வளவுதான்.

குல்லா போட்ட நீர்க்கட்டி

லேவை அடுத்த ஒரு கிராமத்தில், வாய்க்கால் கரையில் மண்வெட்டியோடு ஒருவர் நின்றிருந்தார். ஒரு மடையைப் புல் கட்டியும் கல்லும் வைத்து அடைத்தார். நாலடி தள்ளி இன்னொன்றைத் திறந்தார். எங்கள் குழுவில் ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்று விவசாயம் பார்க்கும் ஒருவர் உண்டு. அவர் இந்தியில் பேச்சுக் கொடுத்து, எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

மண்வெட்டிக்காரருக்குப் பெயர் ‘சுர்போன்’. ‘சூ’ என்றால் தண்ணீர், ‘போன்’ என்றால் தலைவர். யார் வயலுக்கு முதல் தண்ணீர், யாருக்கு அடுத்தது, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் ஊர் வழக்கப்படி முடிவானது. அதை நடத்திக் காட்டுவது அவர் வேலை. வீட்டுக்கு வீடு முறை வைத்து இந்தப் பொறுப்பு வரும். வழக்கமாகக் கூலி தானியமாகவே கிடைக்கும். மடையை யாராவது திருட்டுத்தனமாகத் திறந்தால் ஊர் கூடிக் கேட்கும். தண்ணீர் முறைகளை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நிலவரி ஏற்பாட்டின்போது எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

கேட்டுக்கொண்டிருந்த பாகூர்ப் பெரியவர் சட்டென்று சொன்னார்: “சார், இவரு நம்ம நீர்க்கட்டிதான் சார்! குல்லாதான் வேற.”

அவர் சொன்னது முழு உண்மை. நம் ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி இருந்தார். கடைமடை வரை தண்ணீர் போனதா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. களத்தில் நெல் அளந்து அவருக்குக் கூலி கொடுத்தோம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரி ஏரிகளுக்கு உழவர் சங்கங்களும், ‘கேஸ் கொம்யூன்’ என்ற பொது நிதியும் இருந்தன. வாய்க்கால் வெட்டவும் மதகு பார்க்கவும் உழவர்களே பணம் போட்டார்கள். போர் வந்தது; ஆளுக்கொரு மோட்டார் வந்தது. ஏரித் தண்ணீர் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்ற நிலை வந்ததும் நீர்க்கட்டிக்குக் கூலி கொடுக்க மனம் வரவில்லை. புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் உண்டு. ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் அவற்றில் பெரியவை. தென்பெண்ணைத் தண்ணீரைப் பாகூருக்குக் கொண்டுவரப் பங்காரு வாய்க்காலும் இருக்கிறது. கட்டுமானம் எல்லாம் உண்டு. மண்வெட்டியோடு நிற்கும் அந்த ஒரு ஆளைத்தான் காணோம்.

பனியைச் சேமிக்கும் ஊர்

லடாக் உழவருக்கு ஒரு சிக்கல். விதைப்புக்கு ஏப்ரல், மேயில் தண்ணீர் வேண்டும். உயரத்தில் இருக்கும் பனி உருகி ஓடை பெருகுவதோ ஜூனுக்குப் பிறகு. இதற்கு வழி கண்டவர் அந்த ஊர்ப் பொறியாளர் செவாங் நோர்பெல். குளிர்காலத்தில் வீணாக ஓடும் ஓடைத் தண்ணீரை ஊருக்குச் சற்று மேலே, வெயில் படாத சரிவில் திருப்பிவிட்டார். குறுக்கே கல்சுவர்களைக் கட்டி வேகத்தைக் குறைத்தார். மெதுவாக ஓடும் தண்ணீர் அடுக்கடுக்காக உறைந்தது. உயரம் குறைந்த இடம் என்பதால் இந்தப் பனி முன்னதாகவே உருகி விதைப்புக்கு உதவியது. 2015-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அடுத்து வந்தது சோனம் வாங்சுக் குழுவினரின் பனிக் கோபுரம். மேட்டில் இருந்து குழாயில் தண்ணீரைக் கீழே கொண்டுவந்தால், அதன் அழுத்தத்தாலேயே நீர் மேல்நோக்கிப் பீய்ச்சும். மோட்டார் வேண்டாம். கடுங்குளிரில் துளிகள் விழும்போதே உறைந்து கூம்புபோல வளரும். கூம்பு வடிவில் வெயில் படும் பரப்பு குறைவு என்பதால் சீக்கிரம் உருகாது. ஜூலையில் போனால் பனிக் கோபுரம் இருக்காது. அது உருகிப் பயிருக்குப் போயிருக்கும். ‘ஒன்றும் காணோமே’ என்று ஏமாறாதீர்கள். அதன் வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆப்ரிகாட்டும் எருவும்

ஒரு நாள் மேற்கே ஆல்ச்சி, சஸ்போல் பக்கம் போனோம். வழியில் நிம்மூவில் சான்ஸ்கார் நதி சிந்துவோடு கலக்கும் இடத்தில் இரண்டு நீரும் இரண்டு நிறமாக ஓடுவதைப் பார்க்கலாம். அந்தப் பக்கம் உயரம் கொஞ்சம் குறைவு, வெப்பம் கூடுதல். வாய்க்கால் ஓரமெல்லாம் ஆப்ரிகாட் மரங்கள். உள்ளூரில் ‘சுலி’ என்கிறார்கள். பழத்தைப் பிளந்து கூரையிலும் பாறையிலும் காயவைக்கிறார்கள். கொட்டைக்குள் இருக்கும் பருப்பில் எண்ணெய் எடுக்கிறார்கள். வெள்ளைக் கொட்டை உள்ள ‘ரக்சே கார்போ’ ரகத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ‘நம்ம மாங்கா வத்தல் மாதிரிதான். ஆனா விதையைக்கூட விடலையே!’ என்றார் திருக்கனூரில் இருந்து வந்த அக்கா ஒருவர்.

இன்னொன்றையும் அவரே கவனித்தார். பழைய வீடுகளில் கழிப்பறைக்குத் தண்ணீரே கிடையாது. மேல்தளத்தில் ஒரு துளை. பக்கத்தில் மண் குவியல். போய்விட்டு மண்ணைத் தள்ளிவிட வேண்டும். கீழ் அறையில் மட்கி எருவாகி, விதைப்புக்கு முன் வயலுக்குப் போகிறது. முதல் நாள் முகம் சுளித்தவர்கள், நாற்றமே இல்லை என்று மறுநாள் ஒப்புக்கொண்டார்கள்.

அங்கேயும் மாறுகிறது

லடாக்கில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதினால் அது உண்மையாகாது. 2010 ஆகஸ்டில் மேகம் வெடித்துக் கொட்டிய மழையில் லே பகுதியில் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். மண் வீடுகளும் வாய்க்கால்களும் வயல்களும் சேற்றில் போயின. பனி முன்போல் தங்குவதில்லை என்று கிராமத்தார் சொல்கிறார்கள். லே நகரில் விடுதிகள் பெருகிவிட்டன. தண்ணீர் ஊற்றும் கழிப்பறை, ஷவர் எல்லாம் வந்ததால் விடுதிக்கு விடுதி போர் போடுகிறார்கள். பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போகிறார்கள். சுர்போன் முறைக்கு ஆள் கிடைப்பது கடினமாகிறது.

இதைக் கேட்டபோது எங்களுக்கு நம் ஊர்தான் நினைவுக்கு வந்தது. புதுச்சேரியும் சுற்றுலா ஊர். நகரமும் விடுதியும் வயலும் ஒரே நிலத்தடி நீரைத்தான் உறிஞ்சுகின்றன. கடலோரக் கிராமங்களில் உப்பு நீர் உள்ளே வருவதைச் சிலர் தங்கள் கிணற்றிலேயே சுவைத்துப் பார்த்திருக்கிறார்கள். லடாக்குக்குப் பனி எப்படியோ, நமக்கு ஏரி அப்படி. நாங்கள் தங்கிய வீட்டில் ஷவர் இருந்தும் ஆளுக்கு ஒரு வாளித் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டோம். விருந்தாளியாகப் போனவர்கள் அவர்கள் பங்கைக் குடித்துவிட்டு வரக் கூடாது.

வந்த பிறகு

ஊர் திரும்பியதும் குழுவில் இருந்த ஒரே ஏரி ஆயக்கட்டுக்காரர்கள் ஆறு பேர் ஊர்க்கூட்டம் போட்டார்கள். ‘சம்பாவுக்கு முன் கிளை வாய்க்காலைத் தூர்வாருவோம், ஏக்கர் கணக்கில் பணம் போட்டு ஒரு நீர்க்கட்டி வைப்போம்’ என்றார்கள். போர் வைத்திருக்கும் ஒருவர் எழுந்து, “எனக்கு எதுக்கு ஏரித் தண்ணி? நான் ஏன் காசு தரணும்?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஏரியில் மூன்று மாதம் தண்ணீர் நின்ற ஆண்டுகளில் அவர் போரில் தண்ணீர் எத்தனை அடியில் இருந்தது, நிற்காத ஆண்டுகளில் எத்தனை அடிக்குப் போனது என்று எதிர்க்கேள்வி கேட்டார் பக்கத்து நிலத்து அம்மா. அவர் பதில் சொல்லாமல் உட்கார்ந்தார். பணம் கொடுத்தார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தன் வயல் ஓரத்து வாய்க்காலை வெட்ட ஆள் அனுப்பினார். பாதி ஆயக்கட்டு சேர்ந்திருக்கிறது. மீதிப் பாதி பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த வாய்க்காலில் இப்போது நீர்க்கட்டி ஒருவர் நிற்கிறார்.

குழுவாகப் போகிறவர்களுக்கு

* இருதயம், நுரையீரல், இரத்த அழுத்தத் தொல்லை உள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் கிளம்பக் கூடாது. போனதும் இரண்டு நாள் ஓய்வு கட்டாயம். தலைவலி, வாந்தி, மூச்சுத் திணறல் இருந்தால் மறைக்காமல் சொல்லி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.
* உழவுப் பணியைப் பார்க்க ஜூலை, ஆகஸ்ட் ஏற்றது. நுப்ரா, பாங்காங் போன்ற எல்லைப் பகுதிகளுக்கு அனுமதி தேவைப்படலாம். விதிகள் மாறுவதால் முன்பே விசாரியுங்கள்.
* பெரிய விடுதியைவிட உழவர் வீட்டில் தங்குங்கள். செலவும் குறைவு, பேசவும் ஆள் கிடைக்கும்.
* யாரைப் பார்த்தாலும் ‘ஜூலே’ என்று சொல்லுங்கள். வணக்கமும் அதுதான், நன்றியும் அதுதான். வயதான பெண்ணை ‘ஆமாலே’ என்று கூப்பிட்டால் முகம் மலரும். ‘லே’ என்பது நம் ‘ங்க’ போன்ற மரியாதைச் சொல்.
* நில அளவு கேட்டால் கனாலில் சொல்வார்கள். 8 கனால் ஒரு ஏக்கர். நம் குழி, காணிக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். பேச்சு தானாக வளரும்.
* திரும்பியதும் பார்த்ததில் ஒன்றையாவது ஊரில் செய்வது என்று போகும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

லடாக் வரை போக முடியாதவர்கள் வருந்த வேண்டாம். உங்கள் ஏரியின் மதகில் தொடங்கி, வாய்க்கால் கரையோடு கடைமடை வரை ஒரு காலைப் பொழுதில் பத்துப் பேர் சேர்ந்து நடந்து பாருங்கள். எங்கே அடைத்திருக்கிறது, எங்கே உடைந்திருக்கிறது, யார் வயலோடு தண்ணீர் நின்றுபோகிறது என்று குறித்துக்கொண்டு, உங்கள் பகுதி உழவர் உதவியகத்துக்கோ வேளாண் அலுவலகத்துக்கோ வாருங்கள். மீதியை உட்கார்ந்து பேசலாம்.