தவறணை வாசலில்

தந்தையின் தொழில்பற்றி எழுதுமாறு வகுப்பிலே மாணவரைப் பணித்தோம். ஒருவன் வெறுந்தாளை நீட்டினான். அவன் தந்தை கள்ளிறக்கும் தொழிலாளி என்பதை ஊரே அறியும், நாமும் அறிவோம். ஏன் எழுதவில்லையென்று நாம் கேட்கவில்லை. அதற்கான விடை எம்மிடமே இருந்தது.

தவறணையைக் கடக்கையில் முகத்தைத் திருப்பி நடக்கவேண்டும் என்று சிறுவயதில் எமக்குக் கற்பித்தனர். ஆசிரியரான பின்னர் நாமும், "படியாவிட்டால் தவறணையிலேதான் கிடப்பாய்" என்று பலமுறை கூறியிருக்கின்றோம்.

அன்று மாலை முதன்முறையாக அந்தப் படலையைத் திறந்து உள்ளே சென்றோம். கிடுகு வேலி, நீண்ட வாங்கு, முட்டிகளின் புளித்த வாசனை. தோட்டக்காரரும், மேசனும், ஓய்வுபெற்ற எழுதுவினைஞரும் அருகருகே அமர்ந்திருந்தனர். வெங்காய விலையும், மறுநாள் வேலைக்கு ஆள் தேடுவதும், அயலில் நிகழ்ந்த மரணமும் அங்கே பேசப்பட்டன. மாணவனின் தந்தை எம்மைக் கண்டு எழுந்தார். "இருங்கோ மாஸ்டர், இது கருப்பநீர், வெறிக்காது" என்று பிளாவிலே வார்த்துத் தந்தார்.

முட்டியிற் சுண்ணாம்பு பூசினாற் கருப்பநீர், பூசாவிடிற் கள். இரண்டுக்கும் உயிரைப் பணயம் வைத்து மரமேறுபவன் ஒருவனே. அவன் இறக்கிய கள்ளைப் பருகிய ஊர், அவனைக் கிணற்றில் நீரள்ளவும், தேநீர்க் கடையிற் சமமாக அமரவும், கோயிலினுள் நுழையவும் விடவில்லை. இத்தகைய தடைகளை 1957ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. ஆயினும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே மக்கள் போராடவேண்டியிருந்தது. 1972இல் அமைந்த கூட்டுறவுச் சங்கங்களே மரமேறுபவனைத் தன் விளைபொருளின் விற்பனையிற் பங்காளியாக்கின.

குடி தீமையற்றது என்று நாம் வாதாடவில்லை. நாட்கூலி அந்த வாங்கிலே கரைவதையும் கண்டோம்; வீட்டிலே அடுப்பை மூட்டிக் காத்திருக்கும் பெண்களின் துயரையும் அறிவோம். ஆனால் குடியைக் கண்டிப்பது வேறு, உழைப்பவனை இழிவுபடுத்துவது வேறு. குடிக்க வந்தவனுக்கு மன்னிப்பும் இறக்கியவனுக்கு இழிவும் வழங்குவது ஒழுக்கமன்று, அது சாதியே. அச்சாதியை ஒழுக்கத்தின் பெயரால் வகுப்பறைக்குட் கொண்டுவந்தவர் நாமே.

மறுநாள் அத்தாளை அவனிடம் மீண்டும் கொடுத்து, "பிழை எம்முடையது" என்றோம். அவன் நான்கே வரிகள் எழுதினான். முதல் வரியிலே தந்தை நாள்தோறும் ஏறும் மரங்களின் எண்ணிக்கை இருந்தது.