அளவோடு அமைந்த பிடி

புதுச்சேரியின் உப்பளம் தன் பெயரிலேயே உப்பைத் தாங்கி நிற்கும் பகுதி. கடற்காற்றில் வரும் உப்புத் துகள் இரும்பின் மீது படிந்து ஈரத்தை ஈர்க்கிறது. உப்புக் கலந்த அந்த ஈரத்தில் துரு விரைந்து வளர்கிறது. ஆகவே ஜன்னல் கம்பியோ கதவுக் கீலோ, எதையும் ஆண்டுதோறும் கவனித்தாக வேண்டிய நிலை எங்களுக்கு.

என் தந்தையார், அருகிலுள்ள முதலியார்பேட்டையில் 1898இல் தொடங்கப்பெற்று 2020இல் மூடப்பட்ட ஆங்கிலோ பிரெஞ்சு ஆலையில் ஃபிட்டராகப் பணியாற்றியவர். ‘ரோடியர் மில்’ என்றுதான் ஊரார் அதனை அழைப்பர். அவர் விட்டுச் சென்ற சொத்துகளுள் கொல்லைப்புறக் கொட்டகையில் இருக்கும் ஒரு வைஸும் சில அரங்களும் அடங்கும். சென்ற ஆண்டு அவற்றுக்கு முக்கியமான வேலையொன்று வந்தது.

என் தாயாருக்கு வயது எழுபத்தெட்டு. முற்றத்துக் குழாயடியில் ஒளூ செய்துவிட்டு எழுகையில் ஒருநாள் தடுமாறினார்கள். இறைவன் அருளால் அடியில்லை. மறுநாள் முதல் பேத்தி கையைப் பிடிக்கச் சென்றபோது, “யாரும் பிடிக்க வேண்டாம். நானே ஒளூ செய்து கொள்வேன்” என்று கூறிவிட்டார்கள். முதியவரின் தன்மானத்தைக் காயப்படுத்தாமல் அவரைப் பாதுகாப்பது எப்படி என்பதே எங்கள் முன் நின்ற கேள்வி.

குழாயடியின் இருபுறமும் தாழ்வாரத்தின் இரு வார்ப்பிரும்புத் தூண்கள் உள்ளன. அவற்றுக்கு இடையே ஒரு கைப்பிடிக் கம்பி இருந்தால் போதும். ஆனால் வார்ப்பிரும்பு எளிதில் விரிசல் விடக்கூடியது. சாதாரண வெல்டிங்கையும் அது ஏற்பதில்லை. பழைய சுண்ணாம்புச் சுவரோ திருகாணியைப் பிடிக்காது. தூணைத் துளைக்காமல் சுற்றிப் பற்றும் கிளாம்பு ஒன்றே வழி.

தூணைச் சுற்றி நூலிட்டு அளந்தேன்: 220 மி.மீ. அதனை 22/7ஆல் வகுக்க, குறுக்களவு 70 மி.மீ. என வந்தது. கடைக் கிளாம்புகளோ குழாய்களுக்கென்றே செய்யப்படுபவை. இரண்டு அங்குலக் குழாயின் வெளியளவு சுமார் 60 மி.மீ.; இரண்டரை அங்குலக் குழாயினுடையது 76 மி.மீ. எங்கள் தூண் இரண்டிலும் சேரவில்லை. பெரியதை வாங்கித் துணியைத் திணித்து இறுக்கலாம் என்றனர் சிலர். துணி நாளடைவில் நசுங்கும், பிடி தளரும். தாயார் நம்பிப் பற்றும் கம்பியை அவ்வாறு அமைக்க மனம் ஒப்பவில்லை.

40 மி.மீ. அகலமும் 5 மி.மீ. கனமும் உள்ள பட்டை இரும்பு வாங்கினேன். உள்ளே 2 மி.மீ. ரப்பர் வைத்தால் வட்டம் 74 ஆகும். பட்டையை வளைக்கும்போது வெளிப்புறம் நீளும், உட்புறம் சுருங்கும். நடுப்பகுதி மட்டுமே அளவு மாறாது. ஆகவே கனத்தையும் கூட்டி 79 எனக் கொண்டால், அரைவட்டத்துக்கு 124 மி.மீ. வேண்டும். அதில் நான்கைக் குறைத்து 120 எடுத்துக்கொண்டேன். போல்ட் பூட்டும் காதுகளுக்கு இருபுறமும் நாற்பது நாற்பதாக எண்பது. ஆக ஒரு துண்டு 200 மி.மீ.; இரு தூண்களுக்கும் நான்கு துண்டுகள்.

அந்த நான்கு மி.மீ. குறைவு ஏன் என்று சகோதரிகள் கேட்கலாம். இரு பாதிகளின் காதுகளும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால், அதன்பின் எவ்வளவு முறுக்கினாலும் அந்த இறுக்கம் காதுகளுக்கே போகும், தூணை அடையாது. இடையே இடைவெளி இருந்தால்தான் முறுக்க முறுக்கத் தூணைப் பற்றும்.

வளைத்த இரும்பு, விட்டவுடன் சற்று விரியும் இயல்புடையது. அதனால் 60 மி.மீ. குழாய்த் துண்டின் மேல் வைத்துத் தட்டி வளைத்து, பிறகு காகித அச்சுடன் ஒப்பிட்டுச் சிறிது சிறிதாக விரித்தேன். ஒரு பாதியில் துளையிட்டு, அதன் வழியாகவே மறுபாதிக்குக் குறியிட்டேன்.

அரத்தால் கூர்முனைகளைத் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி, அதன் மேல் இருமுறை பெயின்ட் அடித்தேன். போல்ட்டுகள் துத்தநாகப் பூச்சு உள்ளவை. துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். ஒரு அங்குலக் குழாயின் முனைகளைத் தட்டையாக்கிக் காதுகளின் வெளிப்புறம் வைத்துப் பூட்டினேன். முதலில் என் முழுப் பாரத்தையும் அதில் தொங்கவிட்டுப் பார்த்தேன், அசையவில்லை.

அன்று அஸருக்குத் தாயார் தாமே சென்று, கம்பியைப் பற்றி அமர்ந்து, ஒளூ செய்து, பற்றியே எழுந்தார்கள். எவரையும் அழைக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ்!

தாவூத் நபி (அலை) அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கப்பட்டதையும், கவசக் கண்ணிகளை அளவோடு அமைக்குமாறு அவர்கள் பணிக்கப்பட்டதையும் திருக்குர்ஆனின் ஸபா அத்தியாயம் கூறுகிறது. அளவு பார்ப்பதும் கடமையின் ஒரு பகுதியே என்பதை அந்த வேலையின்போது உணர்ந்தேன்.

முதியோர் வாழும் இல்லத்தாரே! குழாயடியையும் குளியலறையையும் இன்றே ஒருமுறை அவர்கள் நடையில் நடந்து பாருங்கள். கை எங்கே பிடியைத் தேடுகிறதோ, அங்கே ஒன்றை அமையுங்கள். மழைக்காலத்திற்கு முன்பு அதன் நட்டுகளை ஒருமுறை முறுக்கிப் பார்க்கவும் தவறாதீர்கள்.