தடிப்பு

முன்கையில் போட்ட ஊசி மூன்றாம் நாள் தடித்துச் சிவந்திருந்தது. ஆய்வுக்கூடத்துப் பெண் தடிப்பின் இரு ஓரங்களையும் விரலால் தடவிப் பேனாவால் குறியிட்டாள். ஸ்கேலை வைத்துப் பார்த்து, "14 மில்லிமீட்டர்" என்றாள். எக்ஸ்ரேயில் நெஞ்சு சுத்தமாக இருந்தது. வியாதி இல்லை, கிருமியை உடம்பு எப்போதோ சந்தித்திருக்கிறது, அவ்வளவுதான் என்றார் டாக்டர்.

எப்போது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சித்தப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருந்த வருஷம். வீட்டில் யாரும் அதை க்ஷயம் என்று சொன்னதில்லை. நெஞ்சுச்சளி என்றார்கள். அவர் போனபின் மெத்தையை எரித்தார்கள். பேச்சையும் அத்தோடு நிறுத்திவிட்டார்கள். அவர் முகம் எனக்கு நினைவில்லை. கைக்கு நினைவிருக்கிறது.

அந்த நினைவு டி செல்களுடையது. அவை கிருமியை நேரே பார்ப்பதில்லை. கிருமியை விழுங்கிய செல், அதன் புரதத்தை நறுக்கி ஒரு துணுக்கைத் தன் மேற்பரப்பில் ஏந்திக் காட்டுகிறது. ஏந்தும் கை ஆளுக்கு ஆள் வேறு. 1994ல் இன்னொரு கை தெரியவந்தது. சிடி1 என்ற மூலக்கூறு கிருமியின் மெழுகுச் சுவரிலுள்ள மைகாலிக் அமிலத்தையே ஏந்திக் காட்டுகிறது. இது மனிதர் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருப்பது.

ஆனால் இனங்கண்டுகொள்வது காப்பாற்றுவது ஆகிவிடுமா? புதுமைப்பித்தன் 1948 ஜூனில் க்ஷயத்தில் இறந்தார். அவர் உடம்புக்குக் கிருமி தெரியாமலா இருந்திருக்கும்? 1968ல் செங்கல்பட்டுப் பகுதியில் தொடங்கிய பி.சி.ஜி. சோதனையில் 2.5 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பங்கு கொண்டார்கள். தடுப்பூசி போட்ட கைகள் சோதனைக்குத் தடித்தன. பெரியவர்களின் நுரையீரல் க்ஷயம் குறையவில்லை.

2010ல் வெளியான ஓர் ஆய்வு என்னை இன்னும் தொந்தரவு செய்கிறது. பல கிருமிகள் முகத்தை மாற்றி மாற்றித் தப்புகின்றன. க்ஷயக் கிருமியிலோ டி செல்கள் அறியும் துணுக்குகள்தாம் மிகக் குறைவாக மாறியிருக்கின்றன. இனங்காணப்படுவது அதற்கு லாபமாகவே இருக்கலாம். டி செல்கள் மூட்டும் போரில் நுரையீரல் கரைந்து குழி விழுகிறது, குழியிலிருந்து இருமல் கிருமியை வெளியே கொண்டுபோகிறது. எய்ட்ஸில் டி செல்கள் அழிந்தவர்களிடம் இந்தக் குழிகள் குறைவு. நம் எதிர்ப்பின் மேலேறித்தான் அது அடுத்த நெஞ்சுக்குப் போகிறது.

விமர்சனத்தில் சிலரை இனங்கண்டு சொல்லிவிட்டேன் என்று நான் திருப்திப்பட்ட நாட்கள் உண்டு. சொன்னதாலேயே அவர்கள் பரவினார்கள் என்று இப்போது தோன்றுகிறது. ஆனாலும் சொல்லாமலிருந்த என் வீட்டை நினைத்துக்கொள்கிறேன். சொல்லாததாலும் அது நிற்கவில்லை.

தடிப்பு ஒரு வாரத்தில் அடங்கிவிட்டது. பேனாக் குறி அதற்கு முன்பே குளியலில் போயிற்று. அம்மாவிடம் கையைக் காட்டியபோது வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சித்தப்பாவின் பெயரைச் சொன்னாள்.