குறி தப்பாத மந்திரம்

பத்திரிகைத் தொழிலில் தலை நரைத்தவனுக்கு இணைய விளையாட்டில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். கட்டாரிலிருந்து விடுமுறையில் கல்முனைக்கு வந்திருந்த என் ராத்தாவின் மகனைத்தான் அதற்குக் குறை சொல்ல வேண்டும்.

அவன் விளையாடுவது ‘வேல்ட் ஒஃப் வோர்க்ராஃப்ட்’. 2004 நவம்பரில் வெளிவந்த அவ்விளையாட்டின் பழைய வடிவம், 2019இல் ‘கிளாசிக்’ என்ற பெயரில் மீண்டும் வந்தது. அதில் அவன் ஒரு மந்திரவாதி. பளபளக்கும் அங்கியொன்றை நண்பனுக்கு விட்டுக்கொடுத்து, மங்கலான மோதிரமொன்றை அவன் எடுத்துக்கொண்டபோது காரணம் கேட்டேன்.

“பட்டாத்தானே மாமா அடி!” என்றான்.

அங்கே உடையும் அணியும் அழகுக்கானவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் எண்கள் உண்டு. சில, மந்திரத்தின் வலுவைக் கூட்டும். சில, அறிவுத்திறனை உயர்த்திப் புள்ளிக்கு 15 வீதம் ‘மானா’ எனும் மந்திரசக்தியின் இருப்பைப் பெருக்கும். சில, ஒன்றரை மடங்கு தாக்கத்துக்கான வாய்ப்பைத் தரும். வேறு சில, குறி தப்பாமல் காக்கும். எல்லாம் ஒரே அங்கியில் கிடைப்பதில்லை. ஒன்றைப் பெற ஒன்றை விட வேண்டும்.

60ஆம் படியிலுள்ள மந்திரவாதி, 40 பேர் கொண்ட அணியோடு சென்று 63ஆம் படிக்குரிய பெரும் பகைவனை எதிர்க்கிறான். ஏவும் 100 மந்திரங்களில் சராசரியாக 83தான் படும். ஒன்றின் தாக்கம் 1,000 என்று கொண்டால் மொத்தம் 83,000. குறி ஒரு சதவீதம் உயர்ந்தால் 84,000. வலுவைக் கொண்டு அதே தொகையை எட்டுவதற்கு ஒவ்வொரு மந்திரத்திலும் சுமார் 12 கூட்ட வேண்டும். தப்பிய மந்திரத்துக்கும் மானா செலவாகும். ஆனால், 99 சதவீதத்துக்கு மேல் குறி உயராது. ஆகவே அந்த எல்லை வரை குறியைத் தேடு, அதன் பின் வலுவைத் தேடு என்பது அவர்களுடைய பாடம்.

கேட்கக் கேட்க என் தொழிலே நினைவில் எழுந்தது. செய்திக்கும் வலு உண்டு, குறி உண்டு.

அவ்விளையாட்டு வெளிவந்த அடுத்த மாதம், டிசம்பர் 26 அன்று, எங்கள் கரையைக் கடல் கொண்டது. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே, 10,000க்கும் மேற்பட்டோர். மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் வாய்க்கொரு தொகை சொன்னார்கள். பெரிய தொகையே தலைப்புக்கு வலுவூட்டும். நானோ, மையவாடிகளில் ஜனாஸாக்களை அடக்கியவர்களிடமும், முகாம்களில் பெயர்ப்பட்டியல் வைத்திருந்தவர்களிடமும் கேட்டறிந்ததையே எழுதினேன். பிள்ளையைத் தேடி அலையும் ஒரு உம்மாவின் கையில் அந்தப் பத்திரிகை கிடைக்கும். இறந்தோர் வரிசையில் ஒரு பெயர் பிழையாக விழுந்தால், அவர் தேடுவதையே நிறுத்திவிடக்கூடும்.

அதேவேளை, முழு உறுதி வரட்டும் என்று காத்திருந்தால் செய்தி ஒருநாளும் வெளிவராது. முகாமில் உயிரோடிருக்கும் பிள்ளையின் பெயரும் எங்கள் மேசையிலேயே கிடக்கும். நூற்றுக்கு நூறு எந்த நிருபனுக்கும் வாய்ப்பதில்லை. 99 வரை விசாரித்துவிட்டுத் துணிந்து எழுத வேண்டும். எஞ்சும் ஒன்றுக்காகத் திருத்தம் வெளியிட ஆயத்தமாக இருக்க வேண்டும்.

இன்று கைத்தொலைபேசி வைத்திருப்போர் அனைவரும் செய்தி அனுப்புகிறார்கள். அவர்களிடம் வலுவுக்குக் குறைவில்லை. மறுமுனையில் ஒரு உம்மா வாசிக்கிறார் என்பதை நினைத்தால், குறியும் தானாக வரும்.