மஞ்சள் பேருந்தில் குடிபுகுதல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பள்ளிப் பேருந்துகள் அனைத்தும் ஒரே மஞ்சள் நிறத்தில் ஓடுவது தற்செயலன்று. 1939ஆம் ஆண்டு கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில், கல்வியாளர் ஃபிராங்க் சைர் கூட்டிய மாநாட்டில் அந்நிறம் தெரிவு செய்யப்பட்டது. விடியற்காலை மங்கலொளியிலும் அதன்மேல் எழுதிய கறுப்பு எழுத்துகள் தெளிவாகத் தெரியும் என்பதே காரணம். பல்லாண்டுகள் பிள்ளைகளைச் சுமந்து ஓய்வுபெறும் இப்பேருந்துகள் ஏலத்திற்கு வருகின்றன. அவற்றை வாங்கி, நிறம் மாற்றி, வீடாக்கி, ஊர் ஊராக வாழ்வோர் அங்கு உள்ளனர். நாடு காணும் விருப்பத்தால் வந்தோர் சிலர். வாடகை கொடுக்க இயலாமல் வந்தோர் சிலர். பின்னவர்க்கு வண்டி நடுவழியில் பழுதாகி நின்றால், நிற்பது வண்டி மட்டுமன்று, குடியிருப்பே நின்றுவிடுகிறது. ஆதலால் புறப்படுமுன் செய்யும் ஆயத்தத்தை அவர்கள் விளையாட்டாகக் கொள்ள இயலாது.

இத்தகைய வீடுகளின் படங்களில் நம் கண்ணைக் கவர்வன மர அலமாரியும் பூவேலைப் படுக்கை விரிப்புமே. உண்மையான வேலையோ தரைக்கு அடியில் இருக்கிறது. இருக்கைகளைக் கழற்றியதும் மரையாணிகள் இருந்த துளைகள் ஏராளமாகத் தென்படும். ரப்பர் விரிப்பையும் ஒட்டுப்பலகையையும் பெயர்த்தால், மாணவர் காலணிகளில் வந்த மழையும் பனியும் இரும்புத் தகட்டில் துருவாகப் படிந்திருக்கக் காணலாம். துருவைச் சுரண்டி, துளைகளை அடைத்து, காப்புப் பூச்சுப் பூசிய பின்னரே புதுத்தரை இட வேண்டும். துளைகள் திறந்திருந்தால் சாலை நீர் மட்டுமன்றி என்ஜின் புகையும் உள்ளே ஏறும். முடிந்தபின் எவர் கண்ணிலும் படாத பணி இது. தட்டிக்கழிக்கும் ஆசை எழுவது இயல்புதான்.

எஃகுக் கூடு வெயிலில் கொதிக்கும். குளிரில், உறங்குவோர் மூச்சின் ஈரமே கூரையில் துளிர்த்துச் சொட்டும். வெப்பக்காப்பும் காற்றோட்டமும் சேர்ந்தே அமைய வேண்டும்.

அடுத்து வருவது கணக்கு. 400 லிட்டர் நீரின் எடை 400 கிலோ. தொட்டியை ஒரு பக்கமாக வைத்தால் வண்டி சாயும். பின்னச்சைத் தாண்டிப் பின்னுக்குத் தள்ளினால் முன்சக்கரங்களின் பிடி தளரும். எனவே எல்லாவற்றையும் ஏற்றியபின் சரக்குந்து எடைமேடையில் நிறுத்திப் பார்ப்பது நல்லது. மின்சாரமும் இவ்வாறே அளவுக்கு உட்பட்டது. 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி மின்கலத்தில் அடங்குவது 2.4 யூனிட். 30 வாட் விசிறி பத்து மணிநேரம் சுழல 0.3 யூனிட் போதும். 1500 வாட் மின்சூடேற்றியோ ஒன்றரை மணிநேரத்திற்குச் சற்றுக் கூடுதலான பொழுதில் கலம் முழுவதையும் குடித்துவிடும். ஆகவே குளிர்காயப் பலர் விறகடுப்பையே நாடுகின்றனர். இந்தக் கணக்கிலிருந்து எப்பொருளும் தப்புவதில்லை. குழந்தையின் பொம்மைக்கூடைக்கும் எடை உண்டு. எதை எடுப்பது, எதை உறவினர் வீட்டில் விடுவது என்னும் பேச்சு, தச்சுவேலையைவிட நீண்டுவிடுவதுண்டு.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோரம் தேங்கும். அதனால் கசிவுணர்வி தரையை ஒட்டியே இருத்தல் வேண்டும். நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்சைடுக்கு உறங்குமிடத்தருகே தனியொரு எச்சரிப்பு மணி தேவை. பின்புற அவசரக் கதவை அடைத்துக் கட்டில் போடுவது பார்வைக்கு அழகாயிருக்கலாம். பிள்ளைகள் உறங்கும் வண்டியில் அதனை ஏற்பதற்கில்லை. விளக்கை அணைத்துவிட்டு, வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அக்கதவை உள்ளிருந்து திறந்து பழக வேண்டும்.

புறப்படுமுன் காகித வேலையும் காத்திருக்கும். ஓட்டுநர் உரிமம், வாக்குரிமை, காப்பீடு யாவும் நிலையான முகவரியைக் கேட்கும். தென் டகோட்டா, டெக்சாஸ், புளோரிடா மாநிலங்களில் அஞ்சல் பெற்று அனுப்பும் நிலையங்கள் வழியாகப் பலர் முகவரி பெறுகின்றனர்.

முதல் சில இரவுகளை ஊரை ஒட்டியே கழிப்பது அறிவுடைமை. நள்ளிரவில் குழாய் இணைப்பு ஒழுகத் தொடங்கினால், அதற்குரிய ரப்பர் வளையம் விற்கும் கடை, விடிந்ததும் நடந்து செல்லும் தொலைவில் இருக்கும்.