ஆண்டாள் ஊரிலிருந்து கடல் தெரிகிறது!

ஸ்ரீவில்லிபுத்தூரில் கடல் கிடையாது. கடல் காற்று வாங்க ஆசைப்பட்டால் தூத்துக்குடிப் பக்கம் பஸ் ஏறவேண்டியதுதான். நூறு கிலோமீட்டருக்கு மேல்! ஆனாலும், இந்த ஊருக்கும் கடலுக்கும் ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட உறவு உண்டு.

திருப்பாவையின் நாலாவது பாட்டில், கடலுக்குள் புகுந்து நீரை முகந்துகொண்டு மேலே ஏறி, இடித்து, மின்னி, மழையாய்ப் பெய்யச் சொல்கிறாள் ஆண்டாள். பள்ளிக்கூடத்தில் படம் போட்டு, அம்புக்குறி இழுத்து, 'நீர்ச் சுழற்சி' என்று நடத்துவார்களே... அதே பாடம்தான்! இடிமுழக்கத்துக்கு அவள் உவமை தேடிப் போனது வலம்புரிச் சங்கிடம். நாச்சியார் திருமொழியிலோ சங்கைக் கூப்பிட்டு வைத்து, கண்ணனின் வாய் ருசி எப்படி என்று பத்துப் பாசுரம் விசாரிக்கிறாள்.

மழையும் சங்கும் கடல் சரக்கு. இரண்டுக்கும் இப்போது உடம்பு சரியில்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பயணம்.

முதலில் பால்கோவா. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பிரமுகர். விறகடுப்பில் பாலும் சர்க்கரையும் கிண்டக் கிண்ட, தெருவே மணக்கிறது. டாக்டர் சொன்ன அத்தனையும் மறந்து போகிற மணம். "கால் கிலோ போதும்" என்று ஆரம்பித்து ஒரு கிலோவில் வந்து நின்றேன். இங்கே வருகிற எல்லோருக்கும் இதே கதிதானாம்.

அங்கிருந்து ராஜபாளையம் கூப்பிடு தூரம். போகிற வழியெல்லாம் மேற்கே மலை கூடவே வருகிறது. 1988-ல் சாம்பல் நிற அணில்களுக்காகச் சரணாலயம் ஆன மலை. 2021-ல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகப் பதவி உயர்வு பெற்றது. ஊருக்குள் நூற்பாலைகள், மாந்தோப்புகள், அப்புறம் ஊர்ப் பெயரையே இனிஷியலாகப் போட்டுக்கொண்ட வெள்ளை நாய். ஒரு வீட்டு வாசலில் நின்று அதை ஆசையாகப் பார்த்தேன். அதற்கு என்மேல் அப்படி ஒன்றும் ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. நகர்ந்துவிட்டேன்.

தென்மேற்குப் பருவமழையை இந்த மலை பெரும்பாலும் கேரளப் பக்கமே இறக்கி வைத்துவிடுகிறது. இந்தப் பக்கத்துக் கண்மாய்கள் நம்பியிருப்பது ஐப்பசி, கார்த்திகையை. அதாவது, வங்கக் கடல் அனுப்பிவைக்கிற மேகத்தை. ஆக, கடலைக் கண்ணால் பார்க்காத சம்சாரிகூடக் கடலை நம்பித்தான் ஏர் பூட்டுகிறார்.

அய்யனார் கோயில் பாதையில் ஒரு மாந்தோப்புக்காரர் அலுத்துக்கொண்டார். "பனி பெய்ய வேண்டிய நேரத்துல மழை பேயுது அண்ணாச்சி. மழை பேய வேண்டிய நேரத்துல வெயிலு கொளுத்துது. பூவெல்லாம் கருகி உதிருது. மரம் என்ன செய்யும், பாவம்! காலண்டரா பார்க்கத் தெரியும்?"

ஒரு தோப்பை வைத்து உலகத்துக்கு ஜாதகம் கணிக்க முடியாதுதான். ஆனால், உலகத்தை அளந்தவர்கள் சொல்கிற கணக்கு இருக்கிறது. நாம் கக்கிய புகையால் பூமியில் கூடிய வெப்பத்தில் 90 சதவிகிதத்துக்கு மேல் கடல்தான் வாங்கிக்கொண்டது. காற்று ஒரு டிகிரி சூடேறினால், சுமார் 7 சதவிகிதம் அதிக ஈரத்தைச் சுமக்கும். சுமந்ததை எங்கே, எப்போது இறக்கிவைக்கும் என்பது அதன் இஷ்டம்.

2023 டிசம்பர் 17, 18 ஞாபகம் இருக்கிறதா? மார்கழி பிறந்த கையோடு, குமரிக்கடல் பக்கம் நிலைகொண்ட காற்றுச் சுழற்சி தென் மாவட்டங்களை முக்கி எடுத்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர்! செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் ஏறக்குறைய 800 பயணிகளோடு மாட்டிக்கொள்ள, பக்கத்துக் கிராமத்து ஜனங்கள்தான் சமைத்துப் போட்டார்கள். அந்த ஒரு மழைக்கே பருவநிலை மாற்றம்தான் முழுக் காரணம் என்று பழி போட முடியாது. ஆனால், சூடான கடல் இப்படிப்பட்ட மழைக்குத் தீனி போடும் என்பதில் சந்தேகமில்லை. திருப்பாவையில் ஆண்டாள் கேட்டது, கெடுதல் செய்யாத மழை. மாதம் மூன்று தடவையாகப் பிரித்துத் தரச் சொன்னாள். மொத்தமாக ஒரே நாளில் கேட்கவில்லை.

சரி, சங்குக்கு என்ன?

அதை ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம், ஒரு கோலி சோடா கடையில் நின்று யோசித்தேன். சோடா என்பது என்ன? தண்ணீருக்குள் கரியமில வாயுவை அழுத்தி அடைத்தது. அதனால்தான் நாக்கில் சுர்ரென்கிறது, லேசான அமிலம். கடலும் அப்படித்தான். நாம் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை அது குடித்துவிடுகிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த வாயு, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. அதன் விளைவாகக் கடலின் பி.ஹெச். அளவு 8.2-லிருந்து 8.1 ஆகிவிட்டது. 'ப்பூ, இவ்வளவுதானா?' என்று நினைக்காதீர்கள். இந்த அளவுகோலில் அது சுமார் 30 சதவிகித அமிலக் கூடுதல்! கடல் இன்னும் அமிலமாகிவிடவில்லை, காரத்தன்மைதான் குறைகிறது. ஆனால் சங்கும், சிப்பியும், பவளப்பூச்சியும் வீடு கட்டுவது சுண்ணாம்பில். அதற்கு வேண்டிய கார்பனேட்டை இந்த அமிலம் வழியிலேயே பிடுங்கிக்கொள்கிறது. கட்டுகிற கொத்தனார் இருக்கிறார். செங்கல் லோடுதான் வந்து சேரவில்லை.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரை உள்ள 21 தீவுகளை 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 2010-லும் 2016-லும் கடல் சூடேறி, அங்கே பவளப்பாறைகள் வெளுத்துப் போயின. அது சூட்டின் வேலை. அமிலம் சத்தமில்லாமல் பின்னாலேயே வருகிறது. பவளப்பாறை போனால் மீன் குஞ்சுக்குத் தொட்டில் போச்சு, கரைக்கு அலைத் தடுப்பு போச்சு. மூச்சடக்கி முங்கிச் சங்கு எடுக்கிறவர்களின் பிழைப்பு என்னாவது?

இதையெல்லாம் சோடாக் கடைக்காரரிடமே ஒப்பித்தேன். கவனமாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார் பாருங்கள்... "ஏன் ஸார், சோடாவத் தெறந்து வெச்சா கேஸெல்லாம் போயிருமே? கடலு தெறந்துதான கெடக்கு? அது ஏன் போகமாட்டேங்குது?"

அசந்துபோனேன். பாட்டிலுக்குள் கேஸ் அழுத்தம் ஜாஸ்தி, வெளியே கம்மி, அதனால் வெளியேறுகிறது. கடலுக்கு நிலைமை தலைகீழ். வெளியே காற்றில் கேஸ் ஏற ஏற, உள்ளேதான் இறங்கும். புகையைக் குறைத்தாலும், கடல் பழைய நிலைக்குத் திரும்ப ஆயிரக்கணக்கான வருஷம் ஆகலாம். குறைக்காவிட்டால் இன்னும் புளித்துக்கொண்டே போகும்.

"அப்ப மொதல்ல வெளிய இருக்கற கேஸைக் குறைக்கணும்னு சொல்லுங்க" என்றபடி, அடுத்த பாட்டிலின் கோலியைக் கட்டை விரலால் அழுத்தினார் அவர். 'டொப்'!