மடியிற் கனம்

தமிழில் ‘மடி’ என்னும் சிறு சொல்லுக்குப் பொருள் பல. தாய் தன் குழந்தையைக் கிடத்தித் தாலாட்டும் இடம் மடி. வேட்டியின் ஓரத்தைச் சுருட்டிக் காசை முடிந்துகொள்ளும் இடமும் மடி. கரைவலையின் கோடியில் மீன் திரண்டு சேரும் பையையும் மீனவர் மடி என்பர். திருவள்ளுவரோ சோம்பலையே மடி எனக் கொண்டு, அது கூடாதென்பதற்கு ‘மடியின்மை’ என ஓர் அதிகாரம் வகுத்தார். இத்தனை பொருளும் ஒருங்கே திரண்டு ஓர் இயந்திரமாகி வந்தது போல, நம் காலத்தில் மடிக்கணினி வந்திருக்கின்றது. குழந்தையைப் போல அதனைப் பேணவேண்டும். முடிந்து வைத்த காசை அது கரைக்கும். அகப்பட்டவரை வலையைப் போல இழுக்கும். அளவு மீறினாற் சோம்பலையும் தரும்.

நமது இல்லத்திலும் அதனை வாங்கவேண்டிய காலம் வந்தது. மூத்த மகன் உயர்தரப் பரீட்சையில் தொழினுட்பப் பிரிவிற் சித்தியெய்தி, கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தொழினுட்ப பீடத்துக்குத் தெரிவானான். புத்தளம் மாவட்டத்தின் கடலோரத்தில், உடப்புக்கு அணித்தாக, உப்புக்காற்றிலே வாழும் குடும்பம் நமது. ஆசிரியத் தொழிலின் வருவாயில் இல்லம் நடத்துவோர்க்கு, நல்லதொரு மடிக்கணினியின் விலை பல மாதச் சம்பளமாகும். 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு 200 ரூபாவை அண்டியிருந்த நாணய மதிப்பு, அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டதை யாரும் மறந்திரார். பின்னர் அது சற்றுத் தணிந்ததேயன்றிப் பழைய இடத்துக்கு மீளவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் பொருள்கள் யாவும் அச்சுமையைத் தம் விலைச்சீட்டில் ஏற்றியே வருகின்றன.

“பெட்டியில் இரண்டு காப்புக் கிடக்கின்றனவே, அடைவு வைத்தாற் போயிற்று” என்றாள் நமது இல்லத்தரசி. எளிதாகத்தான் சொன்னாள். ஆயினும் அடைவு வைத்த நகை மீண்டு வருவதும் வராததும் அவரவர் ஊழ் என்பதை அறிந்த குடும்பங்கள் நம் நாட்டிற் பல. ஆகவே கணினி வாங்கும் காரியம், அக்காப்புக்களைக் காக்கும் காரியமுமாயிற்று.

மகன் விரும்பியது ‘கேமிங் லாப்டொப்’ எனப்படும் விளையாட்டுக் கணினி. பெயரைக் கேட்டதும் தாயின் முகம் வாடிற்று. “படிக்கப் போகிற பிள்ளைக்கு விளையாட்டுப் பெட்டி எதற்கு?” என்று அவள் வினாவியது நியாயமே. ஆயினும் கணினியின் வரலாற்றை நோக்கினால், விளையாட்டும் வேலையும் அங்கே பகைவராக வாழ்ந்ததில்லை. 1962 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்து இளைஞர் சிலர், பிடிபி-1 என்னும் கணினியில் ‘ஸ்பேஸ்வார்’ என்ற ஆட்டத்தை எழுதினர். அக்கணினியின் ஆற்றலை முற்றாக வேலை வாங்கியமையால், இயந்திரம் செவ்வையாக இயங்குகின்றதா என அறிவதற்கே அந்த ஆட்டம் பயன்பட்டது. அவ்வாறே, ஆட்டக்காட்சிகளைத் திரையில் தீட்டுவதற்கென அமைந்த கிராபிக்ஸ் கார்ட் பிற்காலத்தில் அறிவியலின் கருவியாயிற்று. 2012 ஆம் ஆண்டில், படங்களை இனங்கண்டு உலகை வியப்பிலாழ்த்திய ‘அலெக்ஸ்நெட்’ என்னும் செயற்கை அறிவு வலையமைப்பு, விளையாட்டுப் பிரியர்களுக்கென விற்ற ஜீபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 580 அட்டைகள் இரண்டிலேயே பயிற்றப்பட்டது. பொறியியல் வரைபடம், முப்பரிமாண உருவமைப்பு, ஒளிப்படத் தொகுப்பு ஆகியனவும் இன்று அவ்வட்டையின் தோளிலேறியே விரைகின்றன. இவற்றை எடுத்துரைத்தபோது இல்லத்தரசி, “அப்படியானால் வாங்கலாம், விளையாடுவதைப் பற்றிப் பிறகு பேசுவோம்” என்றாள். அந்தப் ‘பிறகு’ இக்கட்டுரையின் இறுதியில் வரும்.

ஒரே விலைக்கு மேசைக் கணினி கூடிய ஆற்றல் தரும் என்பது உண்மை. உள்ளே இடம் விசாலமாதலால் வெப்பம் எளிதில் வெளியேறும். பழுதான உறுப்பைத் தனியே மாற்றவும் இயலும். ஆனால் அதனை விடுதிக்குச் சுமந்து செல்வது யார்? அன்றியும் நம் நாட்டு மின்சாரத்தை எவ்வளவு நம்பலாம்? நம் மாவட்டத்து நுரைச்சோலையில், மூன்று இயந்திரங்களும் சேர்ந்து 900 மெகாவாற்று மின் ஆக்கும் நிலக்கரி நிலையம் நிற்கின்றது. அதன் புகைபோக்கியைக் கண்டபடியே நாமும் 2022 ஆம் ஆண்டில் இருளில் இருந்தோம். அவ்வாண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்தது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதியோ, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டமையால் நாடு முழுவதும் மின்சாரம் அற்றது. அன்று இலங்கையை எரித்த அநுமனின் குலம், இன்று அணைத்துவிட்டுப் போயிற்று! மேசைக் கணினி இத்தகைய வேளையில் எழுதியதை இழந்து கண் மூடும். பற்றறி உடைய மடிக்கணினி, எழுதிய பக்கத்தையேனும் காப்பாற்றித் தரும். ஆதலின் மடிக்கணினியே என முடிவாயிற்று.

பத்துளுஓயாச் சந்தியில் பஸ் ஏறி, தந்தையும் மகனுமாகக் கொழும்பு சென்றோம். பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் இரண்டு இயந்திரங்கள் எம் கண்ணில் நின்றன. ஒன்று மெலிந்து ஒளிர்வது. ஆர்டிஎக்ஸ் 4060 என்ற அட்டையை உடையது. மற்றொன்று சற்றுத் தடித்தது. ஆர்டிஎக்ஸ் 4050 உடையது. முன்னையது பின்னையதிலும் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் ரூபா அதிகம். விற்பனை செய்த இளைஞர் பெரிய இலக்கத்தையே புகழ்ந்தார். மகனின் கண்ணும் அதன்மேலேயே இருந்தது.

இவ்விடத்தில் மாணவர்கள் அறிந்துகொள்ளவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அட்டையின் பெயர் அதன் ஆற்றலை முழுமையாகச் சொல்லாது. அதற்கு அளிக்கப்படும் மின்வலுவையும் பார்த்தல் வேண்டும். மடிக்கணினிக்குரிய ஆர்டிஎக்ஸ் 4060 அட்டையை 35 வாற்று முதல் 115 வாற்று வரை எந்த அளவிலும் அமைத்துக்கொள்ள, அதனை ஆக்கிய என்விடியா நிறுவனம் இடமளித்துள்ளது. மெல்லிய உடலினுள் வெப்பத்தை அகற்ற இடமில்லாதபோது, தயாரிப்பாளர் அவ்வலுவைக் குறைத்துவிடுவர். நம் ஊர் மீனவர் இதனை உடனே விளங்கிக்கொள்வர். 25 குதிரைவலு எஞ்சினைப் பூட்டிவிட்டு, கைப்பிடியைப் பாதிக்கு மேல் திருப்ப விடாது கட்டிவைத்தால், முழு வேகத்தில் ஓடும் 15 குதிரைவலுப் படகு அதனை எட்டிப்பிடிக்கும் அன்றோ?

மகன் தன் கைத்தொலைபேசியில் இரு கணினிகளின் விவரங்களையும் தேடினான். மெலிந்ததன் அட்டைக்கு 65 வாற்றே அளிக்கப்பட்டிருந்தது. தடித்ததற்கு 95 வாற்று. பெயரிற் பெரியதற்கும் சிறியதற்கும் இடையே பயனில் இருந்த தூரம் வெகுவாகச் சுருங்கிற்று. பெரியதில் 8 ஜிகாபைட் காட்சி நினைவகமும் சிறியதில் 6 ஜிகாபைட்டும் இருந்தமை உண்மையே. மிகப் புதிய ஆட்டங்களில் அக்குறை தோன்றும். ஆனால் அவன் நாள்தோறும் ஆடுபவை எவை? ஒன்று ‘வாலரன்ட்’, மற்றொன்று ‘ஜிடிஏ 5’. முன்னது 2020 ஆம் ஆண்டிலும், பின்னது கணினிக்கென 2015 ஆம் ஆண்டிலும் வெளிவந்தவை. இரண்டுக்கும் சிறிய அட்டையே மிகுதி.

“அப்பா, பெரியது இருந்தால் பிற்காலத்துக்கு உதவுமே” என்றான்.

“தம்பி, பிற்காலம் வரை அது உயிரோடிருக்கவேண்டுமே” என்றோம்.

நகைப்புக்காகச் சொன்னதன்று. குளிரூட்டிய கடையினுள் எல்லா இயந்திரமும் நன்றாகவே ஓடும். நம் வீட்டில் நண்பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டி நிற்கும். செயலியின் சூடு ஏறத்தாழ 100 பாகை செல்சியஸை அணுகுகையில், தன்னைக் காத்துக்கொள்ள அது வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், ஆட்டம் தடுமாறும், கணிப்பு வேலை நீளும். ஆகவே நம் நாட்டில் கணினியின் வலிமையை அளக்க முதலிற் பார்க்கவேண்டியது, அதன் விசிறியும் காற்றுப்போக்கும் ஆகும். தடித்த உடல் இங்கே குறையன்று, குணமே.

வெப்பத்தோடு உப்பும் சேர்கின்றது. புத்தளத்திலும் பாலாவியிலும் உப்பளங்களைக் காண்போர், காற்றும் வெயிலும் உப்பை எவ்வாறு விளைவிக்கின்றன என அறிவர். அந்த உப்பின் நுண்துகள் கடற்காற்றோடு விசிறி வழியே கணினிக்குள் நுழைகின்றது. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ நூற்றுக்கு 75 ஐக் கடந்தால் சாதாரண உப்பு நீரை உறிஞ்சிக் கரையும். கரைந்த உப்புநீர் மின்னைக் கடத்தும், உலோகத்தை அரிக்கும். கடலோர இரவுகளில் அவ்வீரம் அரிதன்று. ஆதலால் கடலைப் பார்த்த சாளரத்தருகே கணினியை வைத்தல் ஆகாது. மூடிவைத்த கணினியை வாரக்கணக்காக உறங்கவிடுதலும் நன்றன்று. நாள்தோறும் சிறிது நேரம் இயங்கினால், உள்ளே பிறக்கும் சூடே ஈரத்தை உலர்த்தும். சில மாதத்துக்கொருமுறை தூசியை அகற்றுவித்தல் நலம். பெயர் மடிக்கணினியாயினும், விளையாடும்போது அதனை மடியிலோ மெத்தையிலோ வைத்தலுங் கூடாது. அடியிலுள்ள காற்றுவாயில் அடைபடும். பலகை மேசையே அதற்கு உகந்த ஆசனம்.

எஞ்சிய தேர்வுகள் எளியன. ‘ராம்’ எனப்படும் நினைவகம் 16 ஜிகாபைட் வேண்டும். அது ஒரே அட்டையாக அன்றி, 8 உம் 8 உமாக இரண்டாக இருப்பின், தரவு இரு வழியே பாய்ந்து வேகம் கூடும். பின்னாளில் மாற்றத்தக்கதாக, பலகையோடு பற்றவைக்கப்படாதிருத்தலும் வேண்டும். சேமிப்புக்குச் சுழலும் தட்டு ஆகாது; எஸ்எஸ்டியே தக்கது. பெரிய ஆட்டம் ஒன்றே 100 ஜிகாபைட்டை விழுங்குமாதலால், 512 ஜிகாபைட்டுக்குக் குறையாமலும், மற்றுமோர் எஸ்எஸ்டி பொருத்த இடம் உள்ளதாகவும் பார்த்தோம். திரை நொடிக்கு 144 முறை புதுப்பிக்குமாயின் ஆட்டத்துக்குப் போதும். நிறம் வெளிறித் தோன்றாமையே படிப்போர் கண்ணுக்கு முக்கியம். பற்றறியில் ஓடும்போது இத்தகைய கணினிகள் முழு வலுவையும் காட்டா, சார்ஜரும் கனமானதே. விடுதி மாணவன் அதனையும் சேர்த்தே சுமக்கவேண்டும்.

இலக்கங்களை நாம் ஆராய்ந்து கொண்டிருக்க, இல்லத்தரசி தொலைபேசியில் ஒன்றைக் கேட்டாள்: “பழுதானாற் சிலாபத்திலே திருத்துவார்களா?” கடைக்காரர் அதுவரை சொன்னவற்றுள் இதற்கு விடையில்லை. விசாரித்தபோது, தடித்த இயந்திரத்துக்கு உத்தரவாதம் இரண்டாண்டு என்றும், அதன் விசிறியும் பற்றறியும் சாதாரண திருத்துநர் கையிலும் மாற்றத்தக்கன என்றும் அறிந்தோம். தராசு அப்பக்கமே சாய்ந்தது. தடித்ததையே வாங்கினோம். சேமிப்பும், சங்கக் கடனில் ஒரு சிறு பங்கும் போதுமாயின. காப்புக்கள் பெட்டியிலேயே இருக்கின்றன.

மகனுக்கு முதலிற் சிறிது மனக்குறைதான். பெருமையும் இளமையும் சேர்ந்தே பிறப்பவை. அதனை நாம் குறையாகக் கொள்ளவில்லை. தன் பாடத்துக்குரிய முப்பரிமாண உருவமொன்றை அவ்வியந்திரம் தடுமாறாது சுழற்றிக் காட்டிய நாளில் அவன் முகம் மலர்ந்தது. வீட்டிலிருந்த பழைய கணினி தங்கைக்குரியதாயிற்று. விண்டோஸ் 10 க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு முடிந்தமையாலும், புதிய விண்டோஸ் 11 ஐ அது ஏலாமையாலும், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் முறைமையை அண்ணனே அதில் நிறுவிக் கொடுத்தான். பாடம் எழுதவும் படிக்கவும் அது இன்னும் போதும்.

இனி, இல்லத்தரசி ஒத்திவைத்த அந்தப் பேச்சு. விளையாட்டின்மீது கட்டுப்பாடிழந்து, பிற கடமைகளைப் புறக்கணித்து, கேடு கண்டும் தொடர்வதை ஒரு நோயாகவே உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலிற் சேர்த்தது. அப்பட்டியல் 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. விளையாடுவோர் யாவரும் நோயாளர் என்பது அதன் கருத்தன்று. ஆயினும் எவ்வளவு என்னும் வினாவுக்கு விடை கணினியில் இல்லை. விடுதியில் அவனைக் கண்காணிக்க நாம் செல்லப்போவதும் இல்லை. ஆகவே தாய் விதியொன்றும் விதிக்கவில்லை. புறப்படுவதற்கு முன்னாள் இரவு, அவனை அருகழைத்துப் பெட்டியைத் திறந்து, காப்புக்கள் இரண்டையும் காட்டினாள்.

“இவை இங்கே இருப்பது உனக்குத் தெரியவேண்டும், தம்பி” என்றாள்.

அவன் ஒன்றும் பேசவில்லை. கணினியைத் துணியிற் சுற்றிப் பையில் வைத்துவிட்டு, மறுநாட் காலை வவுனியா பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டான்.